கிரேக்கக் கடலை இறக்கி ஊர்காவற்றுறையை ஏற்றிய கதை: ஒரு பாய்ப்படகு இணையத்தளத்தின் மறுவடிவமைப்பு

பழைய தளத்தை முதன்முதலில் திறந்தபோது என் போனில் தெரிந்தது ஒரு சாம்பல் நிறச் சதுரம் மட்டும்தான். அதற்குக் கீழே ஒரு வரவேற்பு வரி வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த உரிமையாளர், "அதுக்குள்ள ஒரு கடற்பறவை பறக்கும் தம்பி, அலைச் சத்தமும் கேக்கும்" என்றார். ஒரு காலத்தில் கேட்டிருக்கும். அது ஃபிளாஷ் என்ற பழைய அசைபட மென்பொருளில் செய்த முகப்பு. அடோபி நிறுவனம் 2020 டிசெம்பர் 31 உடன் ஃபிளாஷைக் கைவிட்டு, 2021 ஜனவரி 12 முதல் அது ஓடவே முடியாதபடி தடுத்துவிட்டது. அன்றிலிருந்து பறவையும் இல்லை, அலையும் இல்லை. உரிமையாளர் தன் தளத்தைத் திறந்து பார்த்துப் பல வருடம் ஆகியிருந்ததால் அவருக்கு அது தெரியவில்லை.

தொழில் இதுதான். யாழ்ப்பாணத்தில் ஊர்காவற்றுறைப் பக்கம் ஒரு சின்ன இறங்குதுறை. 12 மீற்றர் நீளமான இரட்டை உடல் பாய்ப்படகு ஒன்று, பைபர் படகுகள் இரண்டு. ஆளுக்கு ஓர் இருக்கை என்று விற்பதில்லை. முழுப் படகையும் ஒரு குடும்பத்துக்கோ ஒரு கூட்டத்துக்கோ கொடுப்பார்கள். கடற்கோட்டையைச் சுற்றி ஒரு மாலைப் பயணம், கசூரினா கடற்கரை, நயினாதீவு, எழுவைதீவு, கடல் விட்டால் நெடுந்தீவு. உரிமையாளர் வல்வெட்டித்துறைக்காரர், அறுபதைத் தாண்டியவர். தன் பெயரும் படகின் பெயரும் வேண்டாம் என்றார். அதனால் இந்தக் கட்டுரையில் அவர் வெறும் அண்ணைதான்.

என்னிடம் அவர் கேட்டது இரண்டு விடயம்: தளம் "இந்தக் காலத்துக்கு ஏற்ற மாதிரி" இருக்க வேண்டும்; கடற்பறவை திரும்ப வர வேண்டும். இரண்டாவதைப் பற்றி அப்போது நான் வாய் திறக்கவில்லை.

பழைய தளத்தில் இருந்தவை

வெளிநாட்டில் இருந்த உறவுக்காரப் பையன் ஒருவர் 2011 இல் அன்போடு செய்து கொடுத்த தளம் அது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த நேரத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தோம், நானும்தான். ஆனால் செய்தபின் யாரும் அதைத் தொடவில்லை.

முகப்புப் படத்தில் வெள்ளைச் சுவர் வீடுகள், நீலக் குவிமாடம், ஆழ்நீலக் கடல். பார்த்தவுடனே கிரேக்கம் என்று சொல்லிவிடலாம். வாடகை விதிமுறைப் பக்கமும் அந்த நாட்டில் இருந்து வந்ததுதான் போல: படகு நிறுத்துகிற துறையான மரீனாவுக்குக் கட்டணம் யார் கட்டுவது, ஓட்டி இல்லாமல் வெறும் படகாக எடுத்தால் என்ன தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்றெல்லாம் இருந்தது. இங்கே மரீனா ஏது? ஓட்டி இல்லாமல் அண்ணை தன் படகை யாருக்கும் கொடுத்ததும் இல்லை, கேட்டால் அடிப்பார்.

தமிழ்ப் பக்கம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்தது. எங்கள் ஊரில் தட்டச்சுப் பழகிய ஒரு தலைமுறைக்கே பாமினிதான் தமிழ். ஆனால் அந்த எழுத்துரு இல்லாத போனில் அந்தப் பக்கம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடக்கும். கூகிளுக்கும் அது தமிழ் இல்லை. நெடுந்தீவு என்று தேடியவர் எவரும் இந்தப் பக்கத்துக்கு ஒருநாளும் வந்திருக்க முடியாது, அங்கே நெடுந்தீவு என்ற சொல் பதினான்கு இடத்தில் இருந்தும்.

பாதுகாப்பான இணைப்பைக் காட்டுகிற பூட்டு அடையாளமும் இல்லை. குரோம் உலாவி 2018 ஜூலை முதல் இப்படியான தளங்களைப் "பாதுகாப்பற்றது" என்று குறிப்பிடுகிறது. அந்த எச்சரிக்கைக்கு நேர் கீழே அண்ணையின் வங்கிக் கணக்கு இலக்கம்.

எல்லாவற்றையும் விட என்னைச் சங்கடப்படுத்தியது தொடர்புப் படிவம். அது எங்கே போய்ச் சேருகிறது என்று தேடினால், யாரும் திறக்காத ஒரு மின்னஞ்சல் பெட்டி. கடவுச்சொல்லை மீட்க ஒரு பின்னேரம் போனது. உள்ளே வருடக்கணக்கில் கடிதங்கள். சூரிச்சில் இருந்து ஒரு குடும்பம் மூன்று நாளைக்கு முழுப் படகும் வேண்டும் என்று எழுதியிருந்தது. பதில் வராததால் இரண்டாவது கடிதம். மூன்றாவதில், பரவாயில்லை, வேறு இடம் பார்த்துவிட்டோம் என்று மரியாதையாக முடித்திருந்தார்கள். அண்ணை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மூன்றையும் வாசித்தார். பிறகு எழும்பிப் போய் ஒரு கயிற்றைச் சும்மா அவிழ்த்துத் திரும்பக் கட்டினார்.

வட்ஸ்அப்பை வாசித்தோம்

வழமையாக நான் போட்டித் தளங்களைப் பார்ப்பேன், வண்ணம் பார்ப்பேன், மாதிரிப் பக்கம் வரைவேன். இந்த முறை அதை எதையும் முதலில் செய்யவில்லை. அண்ணையின் போனை வாங்கினேன். உப்புக் காற்றில் ஓரம் வெளுத்த உறை, கண்ணாடியில் ஒரு நீள வெடிப்பு. இரண்டு நாள் இறங்குதுறையில் இருந்துகொண்டு வந்த செய்திகளை எல்லாம் வாசித்து, கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதினேன். பாதித் தமிழ், பாதி ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ்.

படகு எத்தனை மீற்றர், எந்த நாட்டில் கட்டியது, பாய் எத்தனை சதுர மீற்றர் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பழைய தளத்தில் அரைப் பக்கம் இதுதான்.

கேட்டவை இவை. "அம்மாவுக்கு 78 வயசு, முழங்கால் நோ. ஏறலாமோ?" "கழிவறை இருக்கோ?" "சைவச் சாப்பாடு தனியச் சமைப்பீங்களோ?" "நயினாதீவில மத்தியானப் பூசைக்குப் போய்ச் சேரலாமோ?" "சின்னப் பிள்ளைக்கு அளவான லைஃப் ஜாக்கெட் இருக்கோ?" "மொத்தமா எவ்வளவு முடியும்?" இவற்றை எல்லாம் விட அதிகமாக, வேறு வேறு சொற்களில் திரும்பத் திரும்ப வந்த கேள்வி ஒன்று: "அண்டைக்குக் கடல் எப்பிடி இருக்கும்?"

அண்ணை தட்டிய பதில்களும் எல்லாவற்றுக்கும் இருந்தன. நல்ல பதில்கள், ஒரு வரி, சில நேரம் அரை வரி. "ஏறலாம். பலகை போட்டுப் பிடிச்சு ஏத்துவம்." புதிய தளத்துக்கான எழுத்தில் பெரும் பகுதி அங்கேயே எழுதப்பட்டிருந்தது. எழுத்துப்பிழையைத் திருத்தி எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

கழிவறைப் படத்தை முகப்பிலேயே போட வேண்டும் என்று நான் சொன்னபோதுதான் முதல் சண்டை வந்தது. "என்ர பாய் விரிச்ச படம் இருக்க, கக்கூசைப் போடப் போறியோ?" கேள்வி கேட்ட பெண்களின் செய்திகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன். நாலாவதில் இறங்கி வந்தார், ஆனால் முகப்பில் இல்லை, இரண்டாம் திரையில் என்று பேரம் பேசி. சரி என்றேன்.

காற்றுதான் பக்கம்

இந்த வேலையின் நடு முடிச்சு அந்தக் கடைசிக் கேள்விதான். கனடாவிலும் லண்டனிலும் பள்ளிக்கூடம் விடுவது ஜூலை, ஓகஸ்ட். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் அதே காலத்தில்தான். ஊர் நிறைந்திருக்கும், காசும் இருக்கும், எல்லோருக்கும் நெடுந்தீவுக் குதிரைகளைப் பார்க்க வேண்டும். ஆனால் அதுதான் சோளகம் அடிக்கிற நேரம். தென்மேற்கில் இருந்து வருகிற அந்தக் காற்றுக்குத் திறந்த கடல் எழும்பி நிற்கும். சனம் வர விரும்புகிற மாதமும் கடல் விடுகிற மாதமும் எங்கள் பக்கம் ஒன்றில்லை.

பழைய தளம் இதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அங்கே வருடம் முழுதும் கிரேக்க வெயில். ஆகவே ஒவ்வொரு ஜூலையிலும் அண்ணை போனில் ஒரே விளக்கத்தைச் சொல்லிக் களைத்துப் போவார். கேட்டவர்களில் சிலர் இவர் விலையேற்றப் பார்க்கிறார் என்று நினைத்திருக்கிறார்கள்.

கொப்பியையும் பேனையையும் அவரிடம் கொடுத்து, "அண்ணை, பன்னிரண்டு மாதத்தையும் சொல்லுங்கோ" என்றேன். அவர் சொல்லவில்லை, வரைந்தார். ஒரு வட்டம், பன்னிரண்டு துண்டு, ஒவ்வொன்றிலும் காற்று வருகிற பக்கத்துக்கு ஒரு அம்புக்குறி. பெப்ரவரிக் கடைசியில் இருந்து ஏப்ரல் வரைக்கும் அம்புக்குறியே இல்லை. "எண்ணெய் மாதிரி" என்று மட்டும் எழுதினார். அதுதான் நெடுந்தீவுக் காலம். மே முதல் செப்டெம்பர் வரை சோளகம்: விடியற்காலையில் புறப்பட்டு, காற்று ஏறமுன் திரும்புகிற உள்கடல் பயணங்கள் மட்டும். ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை மழையும் புயலும்: கேட்டுத்தான் வர வேண்டும். ஜனவரித் துண்டில் வாடை அம்புக்குறியை மட்டும் தடிப்பாக இழுத்தார். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் ஏறுகிற காற்று அது. பாய் ஓட்டம் பழக ஆசைப்படுகிறவர்களுக்கு அதைவிட நல்ல மாதம் இல்லை என்றார். குடும்பமாக வருகிறவர்களுக்கு வயிற்றைக் கலக்கும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

அந்த வட்டத்தைத்தான் முகப்பாக்கினோம். பெரிய படம் இல்லை, சுழலும் படவரிசை இல்லை. தளத்தைத் திறந்தவுடன் நீங்கள் வரும் மாதத்தைத் தெரிவு செய்கிறீர்கள். அந்த மாதத்தில் போகக்கூடிய பயணங்கள் மட்டும் கீழே வரும், நேரத்தோடும் முழுப் படகுக்கான விலையோடும். ஓகஸ்டைத் தொட்டால் நெடுந்தீவு வராது. ஏன் வரவில்லை என்று இரண்டு வரி வரும், அண்ணையின் சொல்லிலேயே.

இதில் இன்னொரு துணிச்சலும் செய்தோம். நயினாதீவுப் பக்கத்தின் மேலேயே, கோயிலுக்கு மட்டும் போகிறவர்கள் குறிகட்டுவானில் இருந்து சேவைப் படகில் போகலாம், எங்கள் படகு தேவையில்லை என்று எழுதினோம். கால் மணி, இருபது நிமிடப் பயணத்துக்கு யாரும் பாய்ப்படகு பிடிக்கத் தேவையில்லைதானே. அண்ணைக்கு இது பிடிக்க ஒரு கிழமை எடுத்தது.

கட்டுமரமா, கேட்டமரானா

சொற்களில் நிறைய நேரம் போனது, எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான்.

பழைய தமிழ்ப் பக்கத்தை பாமினியில் இருந்து எல்லாப் போனிலும் தெரிகிற யூனிகோடுக்கு மாற்றியபோது "கேட்டமரான்" என்ற சொல் வந்து நின்றது. எங்கள் கட்டுமரத்தைத்தான் ஆங்கிலம் எடுத்துக்கொண்டு போனது. அது அங்கே போய் இரட்டை உடல் படகாகி, திரும்பி வந்து நம் பக்கத்திலேயே கேட்டமரானாக ஏறியிருந்தது. அப்படியானால் கட்டுமரம் என்றே போட்டுவிடலாமே? மீனவர் ஊர்களான குருநகரிலோ மயிலிட்டியிலோ கட்டுமரம் என்றால் மரங்களைச் சேர்த்துக் கட்டியது. வெள்ளைக்கார மெத்தை போட்ட படகை அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். கடைசியில் "இரட்டை உடல் பாய்ப்படகு" என்று வைத்தோம். அதன் கீழே ஒரு வரி: ஒற்றை உடல் பாய்ப்படகின் அடிமரம் இரண்டு மீற்றர் வரை நீருக்குள் இறங்கும், இது ஒரு மீற்றர் சொச்சம்தான், அதனால்தான் எங்கள் ஆழமில்லாத கடலில் இது ஓடுகிறது. யாழ்ப்பாணத்தில் இருந்து தீவுப்பக்கம் போகிற பண்ணைப் பாலத்தில் நின்று, இடுப்பளவு நீரில் நடந்து வலை வைக்கிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

வாடகை என்ற சொல்லுக்கும் தகராறு. "படகு வாடகைக்கு" என்றால் கதிரை வாடகை மாதிரி இருக்கிறது. ஊரில் வான் பிடிக்கும்போது "ஹயருக்கு" என்போம். அது எல்லோருக்கும் விளங்கும், ஆனால் அண்ணையின் மானத்துக்குக் குறைவு. "உல்லாசப் படகு" என்று சுற்றுலாத் துண்டுப்பிரசுரங்களில் வருவது எனக்குப் பிடிக்காது. "முழுப் படகும் உங்களுக்கு" என்று வைத்தோம். நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் 2023 ஒக்டோபரில் பயணிகள் கப்பல் தொடங்கியபிறகு தமிழ்நாட்டில் இருந்தும் விசாரிக்கிறார்கள். அவர்களுக்குச் சோளகம் என்றால் விளங்காது, "தென்மேற்குக் காற்று" என்று பக்கத்தில் போட்டோம்.

"எங்களைப் பற்றி" பக்கத்தில் ஒரு விடயத்தில் நான் பிடிவாதமாக நின்றேன். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்கினார். ஊர்க் கடலோடிகள் அதைப் பாயிலேயே ஓட்டி 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். இது வரலாறு. "அன்னபூரணி பரம்பரை" என்று தலைப்பில் போடச் சொன்னார் அண்ணை. கேட்டுப் பார்த்தால், மாமா ஒருவர் சொன்ன கதை தவிர கையில் ஒன்றும் இல்லை. கப்பலின் கதையை ஊரின் கதையாக எழுதுவோம், உங்களுடையதாக வேண்டாம் என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

எழுத்து, படம், வேகம்

இவை வேகமாக முடிந்த வேலைகள். தமிழுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு, வரிக்கு வரி இடைவெளி எழுத்தளவின் 1.7 மடங்கு, ஆங்கிலத்துக்கு வைக்கிற 1.4 ஐ அப்படியே வைத்தால் மேல்வரியின் உகரக் காலும் கீழ்வரியின் இகரக் கொக்கியும் முட்டிக்கொள்ளும். தலைப்பில் எழுத்துகளைத் தள்ளித் தள்ளி வைக்கிற ஆங்கில அழகும் தமிழுக்கு வேண்டாம், சொல் சொல்லாக இராது. பொத்தானில் "முன்பதிவு செய்துகொள்ளுங்கள்" என்று போட்டால் சின்னப் போனில் மூன்று வரி ஆகிறது. "நாள் கேட்க" என்று சுருக்கினோம். தொட்டால் மாதமும் பயணமும் நிரப்பப்பட்ட செய்தியோடு வட்ஸ்அப் திறக்கும்.

காசை உடனே அட்டையில் எடுக்கிற வசதியை வேண்டுமென்றே விட்டுவிட்டோம். காற்றுக்காக நிறுத்த வேண்டி வரும் தொழில் இது. எடுத்த காசைத் திருப்பி அனுப்புவது பெரிய கரைச்சல். நாள் உறுதியான பிறகு கட்டணத் தொடுப்பு ஒன்று அனுப்பப்படும். பழைய படிவம் கடவுச்சீட்டு இலக்கத்தைக்கூடக் கேட்டது, எதற்கென்று அண்ணைக்கே தெரியாது. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென்று 2022 இல் இலக்கம் 9 சட்டமே வந்துவிட்ட நாட்டில் தேவையில்லாததைக் கேட்டு வைத்திருப்பது வீண் வில்லங்கம். எடுத்துவிட்டோம்.

படங்களை ஒரு காலையில் ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் எடுத்தோம். பத்து மணி வெயிலில் எங்கள் கடல் வெறும் வெள்ளைத் தகடு. நான் அதிகம் மினக்கெட்ட படம், அண்ணையின் மாமியார் ஏறுபலகையில் ஒரு காலும் படகில் ஒரு காலுமாக, ஓட்டியின் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பது. முழங்கால் கேள்வி கேட்டவர்களுக்கு அந்தப் படம்தான் பதில். ஒவ்வொன்றும் நாலைந்து மெகாபைட் இருந்த படங்களை இணையத்துக்கென்று சுருக்குகிற வெப்பி (WebP) வடிவத்துக்கு மாற்றியபின் 150 கிலோபைட்டுக்குள் அடங்கின. முதன்மைப் பகுதி இரண்டரை வினாடிக்குள் தெரிய வேண்டும் என்கிறது கூகிளின் அளவுகோல். அல்லைப்பிட்டி தாண்டி ஓடுகிற வானுக்குள் வைத்துத் திறந்து பார்த்தேன், தாமதம் தெரியவில்லை.

எங்கள் பிழைகள்

காற்று வட்டத்தை முதலில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறத்தால் மட்டும் காட்டினேன். மேசையில் அழகாக இருந்தது. இறங்குதுறை வெயிலில் அண்ணை போனைக் கையால் மறைத்து மறைத்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒரே மண் நிறமாக் கிடக்கு" என்றார். நிறத்தை மட்டும் நம்பாதே என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அதை மறந்தது நான். இப்போது ஒவ்வொரு துண்டிலும் சொல் இருக்கிறது: போகலாம், உள்கடல் மட்டும், கேட்டு வாருங்கள்.

மற்றது இன்னும் மோசம். பழைய பக்க முகவரிகளைப் புதியவற்றுக்குத் திருப்பிவிடுகிற பட்டியலில் ஒன்றை விட்டுவிட்டேன். அது நெடுந்தீவுக் குதிரைகள் பற்றிய ஆங்கிலப் பக்கம். பயணம் எழுதுகிற பலர் தொடுப்புக் கொடுத்திருந்த ஒரே பக்கம் அதுதான். மூன்று கிழமை அந்த வழியாக வந்தவர்கள் எல்லோரும் "பக்கம் இல்லை" என்ற வரியைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். ஜேர்மனியில் இருந்து ஒருவர் எழுதிக் கேட்டதால் தெரிந்தது. இப்போது எந்த வேலையிலும் முதல் நாளே பழைய முகவரிகளை முழுவதும் இறக்கி வைத்துக்கொள்கிறேன்.

இப்போது

எத்தனை சதவீதம் கூடியது என்று கேட்பார்கள். சொல்ல மாட்டேன். தளம் மாறிய அதே காலத்தில் கப்பல் சேவையும் வந்தது, சனமும் கூடியது. எது எதனால் என்று பிரிக்க என்னிடம் வழியில்லை. கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். அண்ணையின் போனில் வரும் முதல் செய்தியின் தன்மை மாறிவிட்டது. "எவ்வளவு?" என்று தொடங்கியவர்கள் இப்போது "மார்ச் 14, நெடுந்தீவு, ஒன்பது பேர், ஒருவருக்கு முழங்கால் நோ" என்று தொடங்குகிறார்கள். ஓகஸ்டில் நெடுந்தீவு கேட்டு வாதாடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அண்ணை விளக்கம் சொல்வதில்லை, வட்டத்தின் தொடுப்பை அனுப்பிவிட்டுப் போனை வைத்துவிடுகிறார். ஓகஸ்டில் கடற்கோட்டை மாலைப் பயணம் போன வருடம் பெரும்பாலும் நிறைந்தே ஓடியது.

சிங்களப் பக்கம் இன்னும் பாதியில் நிற்கிறது. கடற்பறவை திரும்ப வரவில்லை. மாதத்துக்கு ஒருமுறை கேட்கிறார், நானும் மாதத்துக்கு ஒருமுறை பேச்சை மாற்றுகிறேன். போன கிழமை காலை ஏழு மணிக்கு அவரிடம் இருந்து ஒரு படம் வந்தது. கீழே செய்தி: "கக்கூஸ் கதவுக்குப் புதுப் பெயின்ற் அடிச்சிருக்கு. தளத்தில பழசு கிடக்கு, மாத்து தம்பி. முகப்பில போட்டாலும் பரவாயில்லை."